கொழும்பு வெள்ளவத்தை கடற்பக்கம், 950 சதுர அடி பழைய தொடர்மாடி வீடு: உள்ளே மாத்த எந்தப் பாணி சரி?

மூன்றாம்மாடி

காலி வீதிக்குக் கடற்பக்கம், மூன்றாம் மாடி. 1980களில் கட்டின கட்டடம். மூன்று அறை, இரண்டு பாத்ரூம், குசினி 8க்கு 10 அடி, ஹோல் 12க்கு 18. சீலிங் உயரம் 9 அடி. நிலம் பழைய மொசைக், ஹோலில் இரண்டு இடத்தில் வெடிப்பு. கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வீடுகள் மாதிரி வெள்ளைச் சுவரும் சீமெந்து நிலமும் ஒரு யோசனை. செட்டிநாட்டுப் பூ டைல்ஸ், மரத்தூண் இரண்டாவது. வெளிர் மரம், கைபிடி இல்லாத அலுமாரி, ஸ்கண்டினேவியன் எண்டு சொல்லுறது மூன்றாவது. குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில இருக்கிற சுவரை எடுக்கவும் விருப்பம். மூண்டில எது இந்த வீட்டுக்கு நிற்கும்? செலவை விட, ஐந்து வருசத்துக்குப் பிறகும் அப்படியே இருக்குமா எண்டதுதான் கேள்வி.

சாந்துக்கரண்டி

பாணியைப் பிறகு பாப்பம். முதலில பாரம்.

சீமெந்து நிலம் எண்டு பாஸ் (வேலை செய்யிற மேசன், தச்சர்) சொல்லுறது பெரும்பாலும் 2 அங்குல சாந்துப் படுக்கை. சாந்து ஒரு கன மீற்றர் கிட்டத்தட்ட 2,100 கிலோ. 50 மி.மீ. தடிப்பெண்டால் சதுர மீற்றருக்கு 105 கிலோ. உங்கட 950 சதுர அடி 88 சதுர மீற்றர். மொத்தம் 9 தொன்னுக்கு மேல. வீடுகளுக்குத் தளம் போடேக்க ஆக்கள், தளபாடம் எல்லாத்துக்குமா விடுற பாரமே சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிலோதான். அதில பாதிக்கு மேல வெறும் நிலத்துக்கே போயிடும். பொறியியலாளர் கணக்குப் பாத்துக் கையெழுத்து வைக்காமல் இதைச் செய்யக் கூடாது.

பழைய நிலத்துக்கு மேல 10 மி.மீ. போர்சிலேன் டைல்ஸ் ஒட்டினால் பசையோட சதுர மீற்றருக்கு 28 கிலோ அளவில வரும். 3 மி.மீ. பொலிமர் சீமெந்துப் பூச்செண்டால் 6 கிலோ. கொழும்பில "டைட்டேனியம் நிலம்" எண்டு விக்கிறதும் சீமெந்துப் பூச்சுத்தான், உலோகம் ஒண்டுமில்லை. பேரைக் கேட்டு மயங்காதேங்கோ. எத்தனை மி.மீ., கீழ என்ன பிரைமர், மேல என்ன சீலர், இந்த மூண்டையும் எழுத்தில வாங்குங்கோ.

நாற்சார்

பாரக் கணக்கு சரி. ஆனால் நிலத்தில் ஏன் எதையாவது போட வேண்டும்? மொசைக் ஏற்கெனவே இருக்கிறதே.

மொசைக் என்பது பளிங்குச் சில்லுகளைச் சீமெந்தோடு வார்த்து அரைத்த நிலம். மேல்மட்டத்தில் 1 முதல் 2 மி.மீ. அரைத்து எடுத்தால் உள்ளே புது முகம் இருக்கிறது. முதலில் வெடிப்பை V வடிவில் அரை அங்குலம் ஆழத்துக்குத் திறந்து தூசியை உறிஞ்சி எடுக்க வேண்டும். வெள்ளைச் சீமெந்தும் அதே நிறச் சில்லும் பொலிமர் பாலும் கலந்து அடைத்து, ஏழு நாள் ஈரத்தில் வைக்க வேண்டும். பிறகு வைரக்கல் பொருத்திய இயந்திரத்தால் 60, 120, 220, 400, 800 என்ற கல் எண் வரிசையில் (எண் கூடக் கூட நுண்மை) தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும். இடையில் ஒரு எண்ணைத் தாண்டினால் பகலில் தெரியாது, மாலை வெயில் சாய்வாக விழும்போது வட்டக் கீறல்கள் கண்ணில் குத்தும். கடைசியில் ஊடுருவும் சீலர். மேலே படலமாக நிற்கும் வார்னிஷ் வகை வேண்டாம், ஒரு மழைக்காலத்தில் உரியும்.

வெடிப்பு ஏன் வந்தது என்று பார்க்காமல் அடைக்காதீர்கள். நூல் போல நேராக ஓடினால் பெரும்பாலும் சுருக்க வெடிப்பு. ஒரு பக்கம் மேலேறி, விரலை வைத்தால் படி போலத் தட்டுப்பட்டால் தளத்தையே பார்க்க வேண்டும். தட்டிப் பார்த்து டொக்கு டொக்கென்று வெறுமையாகக் கேட்டால் மொசைக் அடியில் விட்டிருக்கிறது, அந்தக் கட்டத்தை மட்டும் வெட்டி எடுத்துத் திரும்ப வார்க்கலாம்.

பாவா பற்றி ஒரு சொல். கொள்ளுப்பிட்டி 33ஆம் ஒழுங்கையில் இருக்கிற அவருடைய சொந்த வீடு, வரிசையாக நின்ற நான்கு சின்ன வீடுகளை 1958 தொடக்கம் ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒன்றாக்கியது. அங்கே வேலை செய்வது சீமெந்து அல்ல. நீண்ட நடை, அதன் முடிவில் மேலிருந்து விழும் வெளிச்சம், இடையில் ஒரு பழைய தூணோ கதவோ. இதைத் தொடர்மாடிக்கு எடுத்தால்: வாசற்கதவைத் திறந்ததும் கண் தடையில்லாமல் பல்கனி வரை போக வேண்டும். அந்தக் கோட்டில் உயரமான அலுமாரி எதுவும் நிற்கக் கூடாது. அவ்வளவுதான், மிச்சம் வெள்ளைச் சுவர்.

மூன்றாம்மாடி

மொசைக்கை அரைக்கலாம் எண்டு நினைக்கவே இல்லை. ஆனால் பூ டைல்ஸ் ஆசை வீட்டில விடமாட்டினம். ஆத்தங்குடி டைல்ஸ் எடுப்பிச்சால்?

சாந்துக்கரண்டி

எடுப்பிக்கலாம், முழு வீட்டுக்கும் இல்லை. ஆத்தங்குடி சூளையில சுட்ட டைல்ஸ் இல்லை. கண்ணாடித் தட்டில நிறச் சீமெந்தை ஊத்தி, மேல உலர் சீமெந்து மணல் கலவை, பிறகு சாந்து எண்டு அடுக்கி, தண்ணியில போட்டுப் பதப்படுத்தினது. அந்த மினுக்கம் கண்ணாடியில இருந்து வாறது. ஒரு கல் 20 மி.மீ. பக்கம் வரும், படுக்கையோட சேத்தால் உயரமும் பாரமும் கூடும்.

ஹோல் நடுவில 6க்கு 8 அடி, பாய் விரிச்ச மாதிரி ஒரு துண்டு. அந்த அளவுக்கு மொசைக்கை வெட்டி எடுத்து, அதே மட்டத்துக்குப் பதியுங்கோ, கால் தடக்காது. 8 அங்குலக் கல்லெண்டால் 9க்கு 12, ஆக 108 கல். உடைவுக்கு 12 கூட வாங்குங்கோ. இரண்டாம் தரம் வாற கல் நிறம் ஒத்துவராது.

பதிக்கேக்க றப்பர் சுத்தியல் கூட மெதுவாய். ஓரம் சின்னதாய் உடைஞ்சால் மறைக்க வழியில்லை. பதிச்ச பிறகு இயந்திரப் பொலிஷ் போடவே கூடாது, நிறப் படை சில மி.மீ. மட்டும்தான். கழுவிற ஆள் பாத்ரூம் அசிட்டைக் கொண்டுவந்து ஊத்தினால் ஒரே நாளில வெளிறிப் போகும். தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால துடைச்சுவர மினுக்கம் கூடும்.

பலாப்பலகை

தூண் பற்றி யாரும் சொல்லேல்லை. 9 அடி சீலிங்கில செட்டிநாட்டுத் தூண் நிக்காது. அடிக்கல், தண்டு, மேல போதிகை எல்லாம் சேர்ந்த விகிதம் அது. காலை வெட்டிக் குறைச்சால் பொம்மை மாதிரி இருக்கும். அதுக்குப் பதிலாய் பழைய தேக்கு அல்லது பலாக் கதவுச் சட்டம் ஒன்றை ஹோலுக்கும் நடைக்கும் நடுவில வெறும் சட்டமாக நிப்பாட்டுங்கோ. கண்ணுக்கு அந்த வீட்டு ஞாபகம் வரும், இடமும் போகாது.

பழைய மரம் வாங்கேக்க பின்பக்கத்தைப் பாருங்கோ. நிலத்தோட தொட்டிருந்த 6 அங்குலத்தைக் கம்பியால குத்திப் பாருங்கோ, கறையான் தின்ற மரம் உள்ளே போகும். ஆணி ஓட்டையில கறுப்பு வட்டம் இருந்தால் இரும்பு துருப்பிடிச்சு மரத்தையும் பாதிச்சிருக்கு. சுத்தமாக்கிப் போராக்ஸ், போரிக் அசிட் கலந்த கரைசல் இரண்டு தரம் பூசிக் காயவிட்டுத்தான் எண்ணெய் பூச வேணும்.

புது மரமெண்டால் மொறட்டுவைத் தச்சுப்பட்டறையில செய்விச்சாலும் வேற எங்க செய்விச்சாலும் ஈரமானியை வைச்சுக் காட்டச் சொல்லுங்கோ. 12 முதல் 15 வீதத்துக்குள்ள இருக்க வேணும். 20க்கு மேல இருக்கிற பலகையை ஏசி அறையில வைச்சால் மூட்டு விடும், கதவு முறுகும்.

அம்மிக்கல்

குசினிக்கு வருவோம், ஏனென்றால் கடற்பக்க வீடுகளில் முதலில் அழுகுவது பேன்ட்ரி, அதாவது குசினி அலுமாரிதான்.

ஸ்கண்டினேவியன் படங்களில் இருக்கிற அந்த வெளிர் மரத்தோற்றம் பெரும்பாலும் மெலமைன் ஒட்டிய தூள்பலகை. சிங்குக்குக் கீழே ஒரு சொட்டு ஒழுக்கு ஒரு மாதம் இருந்தால் ஓரம் பாண் மாதிரி ஊதும். திரும்பச் சுருங்காது. எம்.டி.எஃப்.பும் அப்படியே. கீழ்ப் பெட்டிகளுக்கு இரண்டு வழிதான்: 18 மி.மீ. மரைன் பிளைவுட், இல்லாவிட்டால் 18 மி.மீ. பி.வி.சி. போர்ட்.

பி.வி.சி. தண்ணீருக்கும் கறையானுக்கும் அஞ்சாது. ஆனால் தட்டு 2 அடிக்கு மேல் நீண்டால் அரிசி, மா டின் பாரத்தில் தொய்யும். ஸ்குரூவைக் கழற்றி இரண்டாம் முறை அதே ஓட்டையில் போட்டால் பிடிக்காது. அடுப்புக்கு ஒட்டிய பக்கத்தில் சூட்டுக்கு வளையும். ஆகவே சிங்குப் பெட்டி மட்டும் பி.வி.சி., மற்றதெல்லாம் பிளைவுட் என்று கலப்பதுதான் சரியாக வரும். வெட்டிய ஒவ்வொரு ஓரமும், பின்பக்கம் உட்பட, அடைக்கப்பட வேண்டும். பாஸ் முன்னால் தெரியும் ஓரத்துக்கு மட்டும்தான் பட்டி ஒட்டுவார். சொல்லி வையுங்கள்.

பெட்டி நிலத்தில் உட்காரக் கூடாது. 4 அங்குல பி.வி.சி. கால் போட்டு முன்னால் கழற்றக்கூடிய பலகை. குசினியைக் கழுவி ஊற்றும் வழக்கம் நமக்கு இருக்கிறது, அதை மாற்றப் போவதில்லை.

உயரம்: சமைப்பவர் முழங்கையை மடித்து நிற்க, நிலத்திலிருந்து முழங்கை வரை அளந்து 4 முதல் 6 அங்குலம் கழியுங்கள். அதுதான் மேசை மட்டம். 36 அங்குலம் என்று எல்லாருக்கும் ஒரே அளவில் அடிப்பது தோள்வலிக்கு வழி. அடுப்பு இருக்கும் இடத்தை இன்னும் 2, 3 அங்குலம் தாழ்த்தினால் பெரிய தாச்சியில் கிண்டும்போது கை உயராது.

மேல் அலுமாரி ஆழம் 12 முதல் 14 அங்குலம். மேசைக்கும் அதற்கும் இடைவெளி 22 அங்குலம். அடுப்புக்கு மேல் ஹூட் (புகை உறிஞ்சி) 26 முதல் 30 அங்குலத்தில். ஹூட் வாங்கினால் 6 அங்குலக் குழாய் வெளிச்சுவரைத் தாண்டிப் போக வேண்டும். கரி வடியால் காற்றைத் திரும்ப உள்ளேயே விடும் வகை, மிளகாய்த்தூள் வறுக்கிற வீட்டில் வெறும் அலங்காரம்.

மூன்றாம்மாடி

மேசைக் கல் குவாட்ஸ் வெள்ளையா, கறுப்புக் கிரனைட்டா?

அம்மிக்கல்

கறுப்புக் கிரனைட், 20 மி.மீ. குவாட்ஸ் என்பது கல்தூளைப் பிசினால் பிடித்தது. 150 பாகைக்கு மேற்பட்ட தாச்சியை அப்படியே இறக்கினால் பிசின் நிறம் மாறி வளையம் விழும், அரைத்தும் போகாது. வெள்ளையில் மஞ்சள் கறை சொல்லவே வேண்டாம்.

நாற்சார்

இதில் மட்டும் மாறுபடுகிறேன். 8க்கு 10 குசினிக்கு ஒரே யன்னல் என்றால் கறுப்புக் கல் வெளிச்சத்தை விழுங்கிவிடும். வெளிர் சாம்பல் கிரனைட் எடுக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை சீலர் பூச வேண்டும். பூசியது வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு தேக்கரண்டி தண்ணீரைக் கல்லில் விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். கருமை விழுந்தால் திரும்பப் பூச வேண்டிய காலம்.

அம்மிக்கல்

சரி, சாம்பலுக்கு ஆட்சேபனை இல்லை. டைல்ஸ் இடுக்குக்கு மட்டும் எப்பொக்சி கிரவுட் போடுங்கள். சீமெந்து கிரவுட் அடுப்புக்குப் பின்னால் ஆறு மாதத்தில் மஞ்சளாகிவிடும்.

சாந்துக்கரண்டி

சுவர் எடுக்கிற கதை. முதலில சுவர்த் தடிப்பை அளவுங்கோ. பூச்சோட 5 முதல் 6 அங்குலமெண்டால் பெரும்பாலும் அரைக்கல் தடுப்பு. 9 அங்குலத்துக்கு மேலயெண்டால் கை வைக்க முன்னம் நில்லுங்கோ. மெல்லிய சுவருக்குள்ளும் தூண் ஒளிஞ்சிருக்கலாம், மேல வளை எங்க ஓடுது எண்டும் பாக்க வேணும். கீழ்மாடி, மேல்மாடி வீடுகளில அதே இடத்தில சுவர் இருக்கா எண்டு கேளுங்கோ. பொறியியலாளரிட்ட கடிதம், தொடர்மாடி முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின்ர எழுத்து அனுமதி, இரண்டும் கையில வந்த பிறகுதான் சுத்தியல். தொடர்மாடியில தூண், வளை, தளம், வெளிச்சுவர் உங்கட தனிச் சொத்தாக நினைச்சு உடைக்கிற சாமானில்லை.

என்னைக் கேட்டால் முழுச் சுவரையும் எடுக்காதேங்கோ. மீன் பொரிச்ச மணம் ஹோல் சோபாவில தங்கும். 4 அடி அகலத்தில, மேசை மட்டத்துக்கு மேல ஒரு திறப்பு வெட்டி, இரண்டு பக்கமும் 6 அங்குலம் சுவருக்குள்ள போற மாதிரி கொங்கிரீட் லிண்டல். பலாப் பலகையில மடிப்புக் கதவு. வேணுமெண்டால் திறக்கலாம், தாளிக்கேக்க பூட்டலாம்.

ட்ரிப்சுவிட்ச்

எல்லாரும் அழகைப் பேசுறீங்க, வயரை யாரும் பேசல. ஒற்றை ஃபேஸ் 30 அம்பியர் இணைப்பு என்றால் 230 வோல்ட்டுக்கு மொத்தம் 6.9 கிலோவாட். 3.5 கிலோவாட் சுடுதண்ணி ஹீட்டர், 2 கிலோவாட் இன்டக்ஷன், இரண்டு ஏசி சேர்ந்து 2 கிலோவாட், கூட்டினா 7.5. காலையில எல்லாம் ஒண்ணா ஓடினா பிரேக்கர் விழும். ஒன்று ஹீட்டரைச் சேமிப்புத் தாங்கி வகைக்கு மாத்துங்க, 1.5 கிலோவாட்டில முடியும். இல்லாட்டி மூன்று ஃபேஸுக்கு விண்ணப்பிக்க வேணும்.

1980கள் வயரிங்கில எர்த் கம்பி எல்லாப் பிளக்குக்கும் வந்திருக்காது, ஒவ்வொன்றா அளந்து பாருங்க. குசினிப் பிளக்குகளுக்கு 2.5 சதுர மி.மீ. கம்பி, தனி 20 அம்பியர் பிரேக்கர். ஒவ்வொரு ஏசிக்கும் தனி வழி. ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் வகையா இருக்கணும், மாசம் ஒருக்கா டெஸ்ட் பொத்தானை அமத்திப் பாருங்க. 13 அம்பியர் சதுர முள் பிளக் எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரிப் போட்டா அடப்டர் தொல்லை இல்லை.

லைட் விசயத்தில சீலிங் முழுக்க ஓட்டை போட்டுப் பதினாறு ஸ்பொட் வைக்கிறது வேணாம். 9 அடிக்கு ஜிப்சம் சீலிங்கை முழுக்க இறக்கினா ஃபேன் தலையில வரும். நடையில மட்டும் 4 அங்குலம் இறக்கி வயரை அதுக்குள்ள ஓட்டுங்க. ஹோலுக்கு 2700 அல்லது 3000 கெல்வின், குசினி மேசைக்கு 4000. மேல் அலுமாரிக்கு அடியில பட்டி லைட் முன் ஓரத்தில ஒட்டணும், பின்னால ஒட்டினா சுவருக்குத்தான் வெளிச்சம்.

பலாப்பலகை

கடற்பக்கத்துக்கு இன்னொன்று. பிணைச்சல், தாழ்ப்பாள், இழுப்பறைத் தண்டவாளம், ஸ்குரூ எல்லாம் 304 தர ஸ்டெயின்லெஸ். பல்கனிக்கு வெளியில தெரியிறதெல்லாம் 316. வெறும் "ஸ்டெயின்லெஸ்" எண்டு வாங்கினால் 201 தருவினம், சீக்கிரமே தேயிலைச் சாயம் மாதிரிக் கறை வரும். கொழும்பு பழைய சோனகத் தெரு இரும்புக் கடைகளில கேக்கேக்க இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கோ, பில்லிலும் எழுதச் சொல்லுங்கோ. காந்தத்தை நம்பாதேங்கோ, 201உம் ஒட்டாது.

கைபிடி இல்லாத அலுமாரி வேணுமெண்டால் அமத்தித் திறக்கிற பொறி வேண்டாம், உள்ள இரும்புச் சுருள், உப்புக்காத்தில இறுகும். கதவின் மேல் ஓரத்தைச் சரிவாய் சீவி விரல் போற இடம் விட்டால் அதே தோற்றம், பழுதாக ஒண்டுமில்லை. அலுமினியம் சறுக்கு யன்னல் தண்டவாளத்தை மாசம் ஒருக்கா நல்ல தண்ணியால கழுவுங்கோ.

மூன்றாம்மாடி

கடற்பக்க அறைச் சுவரில பெயின்ட் குமிழ் குமிழாய் வருது, இன்னொரு அறையில கறுப்புப் புள்ளி. இரண்டும் ஒண்டா?

சாந்துக்கரண்டி

இல்லை. குமிழைச் சுரண்டேக்க வெள்ளைத் தூள் வந்தால் உப்புப் பூத்திருக்கு, சுவருக்குள்ள தண்ணி வருது. வெளிப்பக்க வெடிப்பு, யன்னல் சட்டத்தைச் சுத்தின இடைவெளி, பாத்ரூம் குழாய், இந்த வரிசையில தேடுங்கோ. 1980கள் ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) குழாய் இன்னும் சுவருக்குள்ள இருந்தால் அதுதான் முதல் சந்தேகம். காரணத்தை அடைக்காமல் வோல் புட்டி பூசினால் அடுத்த மழையில அதையும் சேத்துத் தள்ளும். அடைச்ச பிறகு ஈரம் இறங்க ஆறு கிழமையாவது விடுங்கோ.

கறுப்புப் புள்ளி பூஞ்சணம். பக்கத்து அறையில ஏசி ஓடினால் இந்தப் பக்கச் சுவர் குளிர்ந்து காத்தில இருக்கிற ஈரம் அதில படியும். அலுமாரியைச் சுவரோட ஒட்டி வைச்ச இடத்தில கூட வரும், 3 அங்குலம் தள்ளி வையுங்கோ. ஒரு பங்கு குளோரின் பிளீச்சுக்கு மூண்டு பங்கு தண்ணி, பதினைஞ்சு நிமிசம் ஊறவிட்டுக் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, பூஞ்சண எதிர்ப்பு எமல்ஷன். பிளீச்சோட அசிட், அமோனியா எதையும் கலக்காதேங்கோ. யன்னலுக்கு மேல பழைய காத்துத் துவாரம் இருந்தால் நிரந்தரமாய் அடைக்கக் கூடாது, மூடித் திறக்கிற கண்ணாடி போடுங்கோ.

பாத்ரூம் உடைக்கிறதெண்டால் இதையும் சேத்துச் செய்யுங்கோ. நிலம் வடிகாலை நோக்கி மீற்றருக்கு 12 மி.மீ. சரிவு. மூலை எல்லாம் சாந்தால வளைச்சு, நீர்த்தடுப்பு இரண்டு பூச்சு, ஒண்டுக்கொண்டு குறுக்காய். சுவரில ஒரு அடி உயரம், ஷவர் பக்கம் 6 அடி. வடிகாலை அடைச்சு 2 அங்குலத் தண்ணி 48 மணித்தியாலம் நிறுத்துங்கோ. கீழ்வீட்டு ஐயாவிட்ட முதலே சொல்லி அவரின்ர சீலிங்கைப் பாக்க அனுமதி கேளுங்கோ. டைல்ஸ் ஒட்டின பிறகு ஒழுகினால் சண்டையும் வரும் செலவும் வரும்.

மூன்றாம்மாடி

அப்ப வேலை வரிசை? பேன்ட்ரிக்காரர் இப்பவே அளவெடுக்க வாறனெண்டு நிக்கிறார்.

அம்மிக்கல்

விடாதீர்கள். உடைப்பு, குழாய், வயர் ஓட்டம், பாத்ரூம் நீர்த்தடுப்பு, பூச்சு, நடைச் சீலிங், மொசைக் அரைப்பு, குசினிச் சுவர் டைல்ஸ். அதற்குப் பிறகுதான் அவர் அளவெடுக்க வேண்டும். டைல்ஸும் பசையும் அரை அங்குலத்துக்கு மேல் எடுக்கும், இப்போது அளந்தால் கடைசிப் பெட்டி உள்ளே போகாது. மொசைக் அரைக்கும் சேற்றுத் தண்ணீர் முழங்கால் உயரம் தெறிக்கும், ஆகவே அதற்கு முன் பெயின்டும் வேண்டாம்.

ஸ்கண்டினேவியன் ஆசைக்கு ஓர் இடம் இருக்கிறது: படுக்கையறைகள். தண்ணீர் இல்லாத அறையில் வெளிர் மெலமைன் அலுமாரி நன்றாகவே நிற்கும். பல்கனி யன்னலடியில் 18 அங்குல உயரம், 20 அங்குல ஆழத்தில் மூடி திறக்கிற திண்ணை ஒன்று போடுங்கள், 18 மி.மீ. பிளைவுட், 16 அங்குலத்துக்கு ஒரு தாங்கு. யாழ்ப்பாணத்துத் திண்ணையும் ஆயிற்று, பாய் தலையணை வைக்கவும் ஆயிற்று.

மூன்றாம்மாடி

நன்றி அக்கா, எல்லாருக்கும் நன்றி. மொசைக் அரைக்க இரண்டு விலை கேட்டிருக்கு. கடைசியாய் ஒண்டு: மேசையில கவ்வுற தேங்காய்த் துருவலை, புதுக் கல்லில பூட்டலாமோ?

அம்மிக்கல்

நேரே பூட்டாதீர்கள், இறுக்கும்போது கிரனைட் ஓரம் செதில் எடுக்கும். அத்துடன் கல் கதவை விட ஓர் அங்குலம்தான் வெளியே நிற்கும், கவ்விக்கு அது போதாது. சிங்குக்குப் பக்கத்துப் பெட்டியில் மேல் இழுப்பறைக்குப் பதிலாக ஒன்றேகால் அங்குலப் பலாப் பலகை ஒன்றை வெளியே இழுக்கிற மாதிரிப் போடச் சொல்லுங்கள், அகலம் 10 அங்குலம். இழுத்தால் 8 அங்குலம் வெளியே வர வேண்டும், 12 அங்குலம் உள்ளே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் துருவும்போது தூக்கும். உங்கள் துருவலையின் கவ்வி எவ்வளவு திறக்கிறது என்று அளந்துவிட்டுப் பலகைத் தடிப்பைச் சொல்லுங்கள். பாஸிடம் துருவலையையே கொடுத்துவிடுவது இன்னும் நல்லது.